ஓர்த்திஜாவில் இரண்டு கோயில்கள்: மேலடுக்கை நீக்கியது சரியா?

தெற்குக்கரை

எல்லோருக்கும் வணக்கம். ஏப்ரலில் ஆறு நாள் இத்தாலியின் சிசிலித் தீவில் இருந்தேன். அதில் மூன்று நாள் சிராகுசாவிலேயே கழிந்தது. பயணக்குறிப்பு எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆனால் ஒரு கேள்வி மனதைக் குடைந்துகொண்டே இருக்கிறது. அதைக் கேட்டுவிட்டுப் பிறகு குறிப்பு எழுதுகிறேன்.

சிராகுசாவின் பழைய நகரம் ஓர்த்திஜா என்கிற சின்னத் தீவு. பாலத்தைத் தாண்டியதும் முதலில் வருவது அப்பொல்லோ கோயில். கி.மு. 6ஆம் நூற்றாண்டில் கட்டியது. சிசிலியில் இருக்கும் டோரிக் பாணிக் (தடித்த, எளிய தூண்கள் உள்ள கிரேக்கப் பாணி) கல்கோயில்களில் மிகப் பழையது என்கிறார்கள். தெரு மட்டத்துக்குக் கீழே, வேலிக்குள், புல் முளைத்த தரையில் ஓரிரண்டு முழுத் தூண்களும் கொஞ்சம் அடித்தூண்களும் ஒரு பக்கச் சுவரும் நிற்கின்றன. இந்தக் கட்டடம் பைசாந்தியர் (கிழக்கு ரோமப் பேரரசு) காலத்தில் தேவாலயமாகவும், அரபுக்காரர் காலத்தில் பள்ளிவாசலாகவும், நார்மன் காலத்தில் மறுபடி தேவாலயமாகவும், ஸ்பானியர் காலத்தில் படை முகாமாகவும் இருந்திருக்கிறது. மேலேயும் உள்ளேயும் வீடுகள்கூட எழும்பியிருந்தன. 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் அவற்றை இடித்து அகற்றி, கிரேக்கக் கோயிலை மட்டும் வெளியே கொண்டுவந்தார்கள்.

அங்கிருந்து பத்து நிமிடம் நடந்தால் கதீட்ரல். முன்பக்கம் 18ஆம் நூற்றாண்டு பரோக் வேலைப்பாடு, வெயிலில் கண்ணைக் கூசவைக்கும் வெள்ளை. அப்படியே இடப்பக்கச் சந்துக்குள் திரும்பினேன். தேவாலயச் சுவருக்குள்ளிருந்து கிரேக்கத் தூண்கள் பாதி பிதுங்கிக்கொண்டு நின்றன! கி.மு. 480இல் ஹிமேரா போரில் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜை வென்ற பிறகு சிராகுசாவின் ஆட்சியாளன் கெலோன் எழுப்பிய அதேனா கோயிலின் தூண்கள் அவை. அவற்றுக்கு நடுவே இருந்த இடைவெளியைக் கல் வைத்து அடைத்துச் சுவராக்கியிருக்கிறார்கள். பொழுது சாயும் நேரம். ஒரு தூணின் வரிப்பள்ளத்தில் கையை வைத்தேன். பள்ளம் உள்ளங்கையை அப்படியே வாங்கிக்கொண்டது, கல்லில் பகல் சூடு இன்னும் இருந்தது. சுவர் உள்ளே மாதா கோயில் பூசையின் பாட்டு.

ஒரே தீவில் இரண்டு கோயில். ஒன்றில் மேலே ஏறியதையெல்லாம் எடுத்துவிட்டார்கள். இன்னொன்றில் எல்லாம் அப்படியே இருக்கிறது. எனக்கு இரண்டாவதுதான் சரி என்று படுகிறது. உங்கள் கருத்து?

சுண்ணாம்புக்கல்

நான் கட்டடப் பாதுகாப்பு படிப்பவன், அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

அந்தத் தூண்கள் இன்றைக்கு நிற்பதற்கு அந்த அடைப்புச் சுவரும் ஒரு முக்கியக் காரணம். கிரேக்கக் கோயில்களில் தூண்கள் சாந்து இல்லாமல், எடையின் பலத்தில் நிற்பவை. சிசிலியோ நிலநடுக்கத் தீவு. 1693இல் வந்த பெரும் நடுக்கம் தென்கிழக்குச் சிசிலியில் ஊர் ஊராகத் தரைமட்டமாக்கியது. இதே கதீட்ரலின் நார்மன் காலத்து முகப்பு அதில்தான் விழுந்தது, அதனால்தான் ஆந்திரேயா பால்மா வடிவமைத்த பரோக் முகப்பு வந்தது. தூண்கள் மட்டும் விழவில்லை. சுவர் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டது.

அடுத்த முறை போனால் ஒன்றைக் கவனியுங்கள். கிரேக்கக் கோயிலுக்கு வாசல் கிழக்கே. தேவாலயத்துக்குப் பீடம் கிழக்கே இருக்க வேண்டும். அதனால் 7ஆம் நூற்றாண்டில் கோயிலைத் தேவாலயமாக்கியபோது முன்னைப் பின்னாக்கி, மேற்கே வாசல் திறந்தார்கள். நீங்கள் பரோக் முகப்பு வழியாக நுழையும்போது அதேனா கோயிலின் பின்பக்கத்தால் நுழைகிறீர்கள். நடுவில் இருந்த உள்ளறையின் நீளச் சுவர்களில் பக்கத்துக்கு எட்டு வளைவுகள் குடைந்தெடுத்தார்கள். இப்போது நடுக்கூடத்துக்கும் பக்கவழிக்கும் இடையே வரிசையாக நிற்கிற தடித்த கால்கள் எல்லாம் கட்டி எழுப்பியவை அல்ல, பழைய சுவரை வெட்டியதுபோக மிச்சம் நின்றவை.

வெளியே திறந்திருந்ததை அடைத்தார்கள், உள்ளே அடைத்திருந்ததைத் திறந்தார்கள். அவ்வளவுதான் செய்த வேலை, ஆனால் எவ்வளவு தெளிவான மூளை!

நிலவறை

தெற்குக்கரை, அருமையான இழை. ஆனால் நான் உங்கள் பக்கம் இல்லை.

பள்ளியில் வரலாறு நடத்துகிறவன் நான். அப்பொல்லோ கோயிலைத் தோண்டாமல் விட்டிருந்தால் நமக்கு என்ன தெரிந்திருக்கும்? அதன் மேல்படியில் அப்பொல்லோவுக்குக் கோயில் எழுப்பியதைச் சொல்லும் கிரேக்க எழுத்து வெட்டப்பட்டிருக்கிறது. தூண்கள் ஒவ்வொன்றும் ஒரே கல். பருமனாக, நெருக்கமாக நிற்கின்றன. மரத்திலிருந்து கல்லுக்கு மாறிய முதல் தலைமுறைக்கு, எவ்வளவு பாரத்தை எவ்வளவு கல் தாங்கும் என்ற நம்பிக்கை இன்னும் வரவில்லை என்பதை அந்த நெருக்கத்தில் பார்க்கலாம். வீடுகளுக்கு உள்ளே புதைந்திருந்தால் இதை யார் பார்த்திருப்பார்கள்?

இன்னொன்றையும் வருத்தத்தோடு சொல்கிறேன். “அடுக்கு அடுக்காக வரலாறு” என்று நாம் எழுதும்போது, ஏதோ ஒருவர் தோளில் இன்னொருவர் அன்பாகக் கைபோட்டது மாதிரி ஒலிக்கிறது. 878இல் சிராகுசா பல மாத முற்றுகைக்குப் பிறகு அரபுப் படையிடம் விழுந்தது. தியோதோசியுஸ் என்ற துறவி அதில் சிறைப்பட்டு, பலெர்மோ சிறையிலிருந்து எழுதிய கடிதம் கிடைத்திருக்கிறது. பசியில் மக்கள் புல்லையும் தோலையும் தின்றதை எழுதுகிறார். நீங்கள் கை வைத்த அந்தக் கட்டடம்தான் அன்றைக்கும் கதீட்ரல்.

அதே ஓர்த்திஜாவில் ஜுதேக்கா என்ற பகுதி இருக்கிறது, யூதர்கள் குடியிருந்த இடம். 1492இல் ஸ்பானிய மன்னரின் ஆணை சிசிலிக்கும் வந்தது, அவர்கள் போக வேண்டியதாயிற்று. அவர்களுடைய சடங்கு நீராட்டுக் குளம் தரைக்குக் கீழே சுமார் 18 மீட்டர் ஆழத்தில், மண் நிரம்பிக் கிடந்தது. 20ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஒரு பழைய வீட்டைப் புதுப்பிக்கும்போதுதான் தெரியவந்தது. மேலடுக்கைத் தொடாதே என்றிருந்தால், அந்தக் குளம் இன்றைக்கும் மண்ணுக்குள்தான்.

ரயில்பயணி

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். செப்டம்பரில் வீட்டுக்காரரும் நானும் போகலாம் என்று இருக்கிறோம். கார் ஓட்டத் தெரியாது. கத்தானியாவில் இறங்கினால் சிராகுசா போவது சுலபமா? ஆகஸ்ட் கடைசியில் போனால் வெயில் தாங்குமா?

தெற்குக்கரை

@ரயில்பயணி சுலபம்தான். கத்தானியாவிலிருந்து பஸ்ஸும் உண்டு, ரயிலும் உண்டு, ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம். ஓர்த்திஜா முழுக்க நடந்தே பார்க்கலாம். ஆனால் ஆகஸ்ட் வேண்டாம், தயவுசெய்து. 2021 ஆகஸ்ட் 11 அன்று சிராகுசாவுக்குப் பக்கத்தில் 48.8 டிகிரி பதிவானது, ஐரோப்பாவிலேயே அதிகபட்சம் என்று உலக வானிலை அமைப்பு உறுதிசெய்தது. பழைய கிரேக்கத் தியேட்டரும் கல்குவாரியும் இருக்கும் நெயாப்போலிஸ் பகுதியில் நிழல் குறைவு. செப்டம்பர் பாதிக்குமேல் வைத்துக்கொள்ளுங்கள். காலை திறந்தவுடன் நெயாப்போலிஸ், மதியம் ஓய்வு, சாயங்காலம் ஓர்த்திஜா. நான் முதல் நாள் இதை மாற்றிச் செய்து, மதியம் இரண்டு மணிக்குக் கல்குவாரிக்குள் நின்று தலைசுற்றி உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் இருந்த ஒரு பாட்டி தண்ணீர் பாட்டிலைக் கையில் திணித்துவிட்டுப் போனார்.

@நிலவறை நீங்கள் சொன்னது உண்மை. அந்தக் கல்குவாரியில் நின்றபோது எனக்கும் அதே கனம் இருந்தது. கி.மு. 413இல் தோற்ற ஏதென்ஸ் படையினர் ஏழாயிரம் பேருக்குக் குறையாமல் சிராகுசாவின் கல்குவாரிகளில் அடைக்கப்பட்டார்கள் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் தூசிடிடீஸ் எழுதுகிறார். ஆளுக்கு ஒரு நாளைக்குக் கால் லிட்டர் அளவு தண்ணீர், அதுபோல் இரண்டு மடங்கு தானியம், எட்டு மாதம். இன்றைக்கு நான் நின்ற குழிக்குள் எலுமிச்சை மரங்கள் நிற்கின்றன, பூவாசம் வீசுகிறது. பெயர் “சொர்க்கக் குவாரி”. அந்த வாசத்தோடு அந்தக் கணக்கையும் சேர்த்து நினைக்க என்னால் முடியவில்லை.

ஆனாலும் கதீட்ரலில் ஒரு பொருளைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். நுழைந்ததும் வலப்பக்கம் ஞானஸ்நானத் தொட்டி. தொட்டி கிரேக்கர் காலத்துப் பளிங்கு ஜாடி, அதன்மேல் கிரேக்க எழுத்து. அதைத் தாங்குவது ஏழு சின்ன வெண்கலச் சிங்கங்கள், இடைக்காலத்து வேலை. நான் போனபோது ஒரு பிள்ளை ஒரு சிங்கத்தின் தலையைத் தடவிக்கொண்டிருந்தது, அம்மா விலக்கிக் கூட்டிப்போனார். அந்தத் தொட்டியிலிருந்து எந்த அடுக்கை எடுப்பீர்கள்? ஜாடியை மட்டும் காட்ட வேண்டும் என்று சிங்கங்களைக் கழற்றுவீர்களா?

பவளமல்லி

பிள்ளையள், நான் பலெர்மோவில இருந்து எழுதுறன். யாழ்ப்பாணத்தில இருந்து இஞ்ச வந்து 26 வருசமாச்சு. சிராகுசாவுக்கு ஒருக்காத்தான் போனனான், ஆனா இஞ்சத்தையக் கதையைச் சொல்லலாம்.

பலெர்மோ கதீட்ரலின்ர தெற்கு வாசல் மண்டபத்தில இடப்பக்கத் தூணில அரபு எழுத்து வெட்டியிருக்கு, குர்ஆன் வசனம். பள்ளிவாசல் காலத்துத் தூணெண்டு சொல்லுவினம். ஒருத்தரும் அதைச் சுரண்டேல்லை. ஞாயிறு பூசைக்குப் போற கிழவியள் அதுக்குப் பக்கத்தாலதான் உள்ள போறவை.

நான் வந்த புதிசில வீட்டு வேலைக்குப் போன இடம் பழைய யூதர் பகுதிக்குக் கிட்ட. தெருப்பெயர்ப் பலகையில இத்தாலியன், ஹீப்ரு, அரபு மூண்டும் இருக்கும். எனக்கு அப்ப மூண்டுமே வாசிக்கத் தெரியாது. அதைப் பாத்துக்கொண்டு நிண்டது இன்னும் ஞாபகம். ஸீஸா மாளிகையில ஒரு கல்லறைக்கல் இருக்கு, 1149ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஒரு பாதிரியார் தன்ர தாய் அன்னாவுக்கு வைச்சது. ஒரே கல்லில நாலு விதமா எழுதியிருக்கு: லத்தீன், கிரேக்கம், அரபு, பிறகு ஹீப்ரு எழுத்தில அரபு. தாய் செத்த துக்கத்தை ஊரில இருக்கிற எல்லாருக்கும் விளங்கவைக்க வேணுமெண்டு நினைச்சிருக்கிறார் மனுசன். நானும் என்ர அம்மாவின்ர கடைசிக்குப் போக முடியாமல் இஞ்ச இருந்தனான். அந்தக் கல்லுக்கு முன்னால கனநேரம் நிண்டன்.

பலெர்மோவின்ர காவல் புனிதை சாந்தா ரோசாலியாவைப் பற்றியும் சொல்லவேணும். 1624இல கொள்ளைநோய் வந்தபோது பெல்லெக்ரினோ மலைக் குகையில அவவின்ர எலும்பைக் கண்டெடுத்து ஊர்வலமாக் கொண்டுபோக நோய் நிண்டதெண்டு நம்பிக்கை. அந்தக் குகைதான் இப்ப கோயில். கூரைப்பாறையில தண்ணி சொட்டும், அதைப் பிடிச்சு வழியவிடத் தகரப் பீலியள் குறுக்கும் மறுக்குமாப் போட்டிருக்கு. எங்கட தமிழ்ச் சனம், சைவக்காரரும் வேதக்காரரும், ஞாயிற்றுக்கிழமையில அந்த மலை ஏறுறவை. சிலர் வெறுங்காலோட ஏறுவினம். நானும் முதல் பிள்ளை வயித்தில இருக்கேக்க நேர்ந்து ஏறினனான். இத்தாலியன் ஆக்கள் ஒருத்தரும் ஏன் வாறியள் எண்டு கேட்டதில்லை.

நிலவறை

பவளமல்லி அக்கா, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். அன்னாவின் கல்லைப் பற்றிப் புத்தகத்தில் படித்திருக்கிறேன், ஆனால் அதற்கு முன்னால் நின்ற ஒருவர் சொல்லிக் கேட்டது இதுதான் முதல் தடவை. நன்றி.

ஆனாலும் என் கட்சியை விடவில்லை. எதுவுமே மேலே ஏறாத இடத்துக்கும் ஒரு மதிப்பு உண்டு. செலினுந்தே என்ற பழைய கிரேக்க நகரத்துக்குப் பக்கத்தில் கூசா கல்குவாரி இருக்கிறது. பதினொரு கிலோமீட்டர் தள்ளி, ஆலிவ் மரங்களுக்கு நடுவே. பெரிய கோயிலுக்கான தூண் உருளைகளை அங்கே வெட்டினார்கள். கி.மு. 409இல் கார்த்தேஜ் படை செலினுந்தேவை அழித்தது. வேலை நின்றது, யாரும் திரும்பி வரவே இல்லை.

எட்டு வருடத்துக்கு முன்னால் நான் அங்கே போனேன். வேறு ஒரு ஆள்கூட இல்லை. உருளைகள் சில இன்னும் தாய்ப்பாறையோடு ஒட்டியிருக்கின்றன. சுற்றிலும் ஒரு ஆள் நுழையும் அகலத்துக்கு வட்டமாக வாய்க்கால் மாதிரிக் குடைந்திருக்கிறார்கள். நான் அதற்குள் இறங்கினேன். தோள் இரண்டு பக்கமும் உரசுகிறது. கண்ணுக்கு நேரே உளி இறங்கிய தடங்கள், ஒன்றன்கீழ் ஒன்றாக, எல்லாம் ஒரே சாய்வில். வலக்கைக்காரன் என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்சம் தள்ளி, பாதி வழியில் விட்டுப்போன உருளைகளும் கிடக்கின்றன. இந்த இடத்தில் பின்னால் ஒரு ஊர் எழுந்திருந்தால் இந்தத் தடம் நமக்குக் கிடைத்திருக்குமா?

சுண்ணாம்புக்கல்

கூசா பற்றி நீங்கள் சொல்வதை முழுக்க ஏற்கிறேன். ஆனால் அது ஊரிலிருந்து தள்ளி இருக்கும் குவாரி. ஊர் நடுவே இருக்கும் கோயிலுக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஆள் இல்லாமல் விட்டால் அது தானாகவே குவாரி ஆகிவிடும்.

சிசிலியின் இன்னொரு ஊரான அக்ரிஜெந்தோவைப் பாருங்கள். ஒரே மலைமுகட்டில் வரிசையாகக் கோயில்கள். கொன்கோர்தியா கோயில் மட்டும் ஏறக்குறைய முழுசாக நிற்கிறது. 6ஆம் நூற்றாண்டின் கடைசியில் அதைத் தேவாலயமாக்கினார்கள், ஓர்த்திஜாவில் செய்ததைப் போலவே தூண்களுக்கு நடுவே அடைத்து, உள்சுவரில் வளைவு வெட்டினார்கள். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் அடைப்பை எடுத்து மறுபடி கிரேக்கக் கோயிலாக்கினார்கள். வளைவுகள் இன்னும் தெரியும். அதே வரிசையில் ஒலிம்பிய ஜீயஸ் கோயில், கிரேக்கர் கட்டத் தொடங்கிய டோரிக் கோயில்களிலேயே மிகப் பெரியது. அதை யாரும் எதற்கும் பயன்படுத்தவில்லை. அதனால் அதன் கல் போர்த்தோ எம்பெதோக்ளே துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவருக்குப் போனது. சிராகுசாவிலேயே ஹியரோன் மன்னனின் பலிபீடம், ஏறக்குறைய 200 மீட்டர் நீளம். 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் அதன் கல்லைக் கோட்டை மதிலுக்கு எடுத்துக்கொண்டார்கள். இப்போது பாறையில் வெட்டிய அடித்தளம் மட்டும்தான்.

தோண்டும்போது நடக்கும் இழப்பையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பியாத்ஸா அர்மெரினாவுக்குப் பக்கத்தில் இருக்கும் ரோமானிய மாளிகை எல்லோருக்கும் தெரியும், 4ஆம் நூற்றாண்டு, சுமார் 3,500 சதுர மீட்டர் மொசைக் (சின்னக் கற்கள் பதித்த தரைப்படங்கள்). அதன்மேல் இடைக்காலத்தில் ஒரு ஊர் இருந்தது. 1950களில் மொசைக்கை அடையும் வேகத்தில் அந்த ஊரின் பெரும்பகுதியைச் சரியாகப் பதிவு செய்யாமலே எடுத்துவிட்டார்கள். அந்த ஊரில் என்ன சமைத்தார்கள், எந்தச் சட்டியில் சமைத்தார்கள் என்பதை இப்போது மிச்சமிருக்கும் ஓரங்களில் தேடிக்கொண்டிருக்கிறார்கள். நிலவறை ஐயா, நான் தோண்டாதே என்று சொல்லவில்லை. எடுப்பதை எழுதிவைத்துவிட்டு எடு என்கிறேன். அதில் நமக்குள் பெரிய சண்டை இருக்காது என்று நினைக்கிறேன்.

நிலவறை

அதில் சண்டையே இல்லை தம்பி. அந்த ஊரைப் பற்றி எனக்குத் தெரியாது. தெரிந்தபிறகு அந்த மொசைக் படங்களை வகுப்பில் காட்டும்போது இதையும் சொல்வேன்.

ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். அதேனா கோயிலை யார் கெடுத்தார்கள் என்று பார்த்தால், பூசித்தவர்களைவிட அதிகாரிகள்தான். கி.மு. 212இல் ரோமத் தளபதி மார்செல்லஸ் நகரைப் போரில் பிடித்தும் அந்தக் கோயிலைத் தொடவில்லை என்று ரோம வழக்கறிஞர் சிசரோ சொல்கிறார். பிறகு ஆளுநராக வந்த வெர்ரெஸ், போரே இல்லாத காலத்தில், சுவரில் இருந்த குதிரைப்படை ஓவியங்களையும், சிசிலி மன்னர்களின் 27 படங்களையும், கதவில் இருந்த தந்தத்தையும் பொன்னையும் பெயர்த்துக்கொண்டு போனான். கி.மு. 70இல் சிசரோ வழக்கு நடத்தினார். நாம் இன்று அந்தக் கதவைக் கற்பனை செய்ய முடிவதே திருட்டு வழக்கின் பட்டியல் மிஞ்சியதால்தான்.

தெற்குக்கரை, அப்பொல்லோ கோயிலின் படம் எடுத்திருப்பீர்களே? மிஞ்சி நிற்கும் நீளச் சுவரைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

ரயில்பயணி

எங்கள் செப்டம்பர் டிக்கெட் போட்டாயிற்று, 18ஆம் தேதி. பலெர்மோவையும் சேர்த்துக்கொண்டோம். பவளமல்லி அக்கா, அந்த மலைக்கு மூட்டுவலிக்காரர் ஏற முடியுமா? வீட்டுக்காரருக்கு முழங்கால் சரியில்லை.

பவளமல்லி

ஓம், பஸ் மேல வரைக்கும் போகும், பயப்பிடாதேங்கோ. கோயிலுக்கு ஏற மட்டும் கொஞ்சம் படி இருக்கு, ஆறுதலா ஏறலாம். செப்டம்பர் 4 அவவின்ர திருநாள், சனம் நிறைய. நீங்கள் பிறகு வாறது நல்லது. உள்ள குளிரும், தோளுக்கு ஒரு துணி கொண்டு வாங்கோ. வந்தால் எனக்குத் தனிமடல் போடுங்கோ, பல்லாரோ சந்தைக்குக் கூட்டிக்கொண்டு போறன். கத்தரிக்காயும் முருங்கைக்காயும் ஒரே தெருவில வாங்கலாம்.

ஒரு விசயம் கேட்டனீங்கள் எந்த அடுக்கு எண்டு. இஞ்ச தோட்டக்காரர் தண்ணித்தொட்டியை “ஜெப்பியா” எண்டுவினம். அரபுச் சொல்லாம். எத்னா எரிமலைக்கு இன்னொரு பேர் “மொஞ்சிபெல்லோ”. மொந்தே எண்டாலும் மலை, ஜெபல் எண்டாலும் மலை. மலைமலை எண்டு கூப்பிடுகினம், ஒரு சொல்லையும் விடேல்லை.

தெற்குக்கரை

நிலவறை ஐயா, பார்த்தேன்.

படத்தை எடுத்தபோது தூண்களைத்தான் குறிவைத்திருந்தேன், சுவர் பின்னால் மங்கலாக விழுந்திருக்கிறது. பெரிதாக்கினால் அந்தக் கிரேக்கச் சுவருக்குள் ஒரு வாசல் வளைவு. பெரிய சதுரக் கற்களை வெட்டி நுழைத்த, இடைக்காலத்து வளைவு. தேவாலயமாக இருந்த காலத்து வாசல். வீடுகளை எடுத்தவர்கள் இதை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் சுவரே போயிருக்கும்.

அந்த வேலியைப் பிடித்துக்கொண்டு இருபது நிமிடம் நின்றேன், இது கண்ணில் படவே இல்லை. கிரேக்கக் கோயில் என்று எழுதியிருந்த பலகையைப் படித்துவிட்டு, கிரேக்கத்தை மட்டும் பார்த்திருக்கிறேன்.

படத்தை வெட்டி, சுவர் மட்டும் தெரியும்படி இங்கே ஏற்றுகிறேன். சுண்ணாம்புக்கல், அந்த வளைவுக்கு மேலே இரண்டு கல் நிறம் மாறித் தெரிகிறது. அது பின்னால் அடைத்ததா, பழைய கல்லேதானா என்று பார்த்துச் சொல்ல முடியுமா? ரயில்பயணி, நீங்கள் 18ஆம் தேதிக்குப் பிறகு அங்கே இருந்தால், பாலத்திலிருந்து வரும்போது எதிர்ப்பக்கம் சுற்றிப் போய், சாயங்கால வெளிச்சத்தில் அந்தச் சுவரின் படம் ஒன்று எடுத்து அனுப்புங்கள்.